எயினர் வழியும் இருளர் நிலமும்



‘திணைமாந்தர் இன்று’ என்பது எனக்களித்த தலைப்பு. நேரம் கருதி வேட்டுவரைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை நம் தொண்டை நாட்டு நூல். பாணன் காஞ்சிக்குச் செல்லும் வழியில் எயினர் குடியிருப்பு வருகிறது. பெண்கள் இரும்புப் பூணிட்ட கோலால் கரம்பைக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். ஆடவர் வலைகட்டி, நாய்விட்டு முயல் பிடிக்கிறார்கள். அதற்கு எவரிடமும் அனுமதிச் சீட்டு பெற்றதாகப் புலவர் சொல்லவில்லை!

அறுவடை முடிந்த வயல்களில் இருளர் பெண்கள் கடப்பாரையால் எலிவளை தோண்டி, உள்ளே சேர்ந்திருக்கும் நெல்லை எடுப்பதை இவ்வவையில் பலரும் கண்டிருப்பீர்கள். அதே கோல்தான். நிலம் மட்டும் வேறாகிவிட்டது. 1879இல் நீலகிரிக்கென வேட்டைச் சட்டம் வந்தது. அது உரிமம் பெற்ற துரைமார்களுக்கு உகந்த சட்டம். 1882இல் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது.

தோல் வணிகம் நின்றதை நான் குறைகூறமாட்டேன். அது தொடர்ந்திருந்தால் பாம்பும் மிஞ்சியிராது, பாம்பு பிடிப்பவர் தொழிலும் மிஞ்சியிராது. ஆனால் அதே 1976இல்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். காடு அடைபட்ட குடும்பங்கள் பல, முன்பணம் பெற்றுக்கொண்டு அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் போய் அடைபட்டன. நம் திருவள்ளூர் மாவட்டம் இதனை நன்கறியும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபுரிமைகள் பலவற்றை ஏற்றது. வேட்டை உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கியது. அதுகூடப் பெரிதன்று. அச்சட்டம் செல்லுவது வனநிலத்தில். ஆரம்பாக்கத்தைச் சுற்றி இருளர் நடமாடும் இடமோ ஏரிக்கரை, புறம்போக்கு, முட்புதர், சவுக்குத் தோப்பு. ஏட்டில் அவை காடல்ல. ஆகவே உரிமை கேட்கவும் வழியில்லை. அத்தகைய இடத்தில் ஆலைச் சுவர் எழுகையில், ‘இங்கே யார் வளை பார்த்துத் திரிந்தார்கள்?’ என்று எவரும் கேட்பதில்லை. கிழக்கே பழவேற்காடு ஏரி 1980இல் பறவைகள் சரணாலயமாயிற்று. அதற்கப்பால், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது, அக்காட்டை நம்பியிருந்த ஏனாதியர் வெளியேற நேர்ந்தது. பறவைக்கும் ராக்கெட்டுக்கும் கிடைத்த இடம் வேட்டுவனுக்கு இல்லை.

வழியே இல்லை என்பதற்கில்லை. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை அரசு அனுமதித்த எண்ணிக்கையில் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் அழைத்தது, அங்குள்ள பொது நிலங்களில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைத் தேடித்தர. 2023இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றனர். அயல்நாடு தன் காட்டைத் திறந்துவிட்டு அழைத்த அறிவு இது!

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். என் மாணவி ஒருத்தி இருளர் குலத்தவள். இனச்சான்றிதழ் கேட்டு அவள் தந்தை ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ‘இருளன் என்றால் பாம்பு பிடித்துக் காட்டு’ என்றார்களாம். அனுமதியின்றிப் பிடித்தால் குற்றம், பிடிக்காவிட்டால் இருளனல்லன். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெண்ணின் படிப்பு ஓராண்டு நின்றது.

கவிஞர்களிடம் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. நம் மாதக் கூட்டங்களில் படிக்கப்பெறும் கவிதைகளில் வேடன் எப்போதும் கொடியவன், புறா எப்போதும் பாவம். சங்கப் புலவர் எயினர் குடிசைக்குள் போய் அங்கே என்ன சமைத்தார்கள் என்பதுவரை பார்த்தார்; நாம் ஏரிக்கரைவரைகூடப் போவதில்லை. அம்மாணவியின் தந்தை, வளைவாயின் மண் வழவழப்பைத் தொட்டுப் பார்த்தே பாம்பு உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லுவார். அதற்கு அவரிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. என்னிடம் இல்லை, அகராதி புரட்டியும் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் பேச இசைந்திருக்கிறார். வேலைநாளில் வந்தால் கூலி போய்விடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையாக வைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.