ஊக்கம் எங்கே பிறக்கிறது?

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இன்று பேசுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் மனித மனத்தின் ஊக்கம். "பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை ஐயா, வேலைக்கு அனுப்பிவிடுகிறோம்" என்று பெற்றோர் கூறுவதைப் பள்ளியில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். தேர்வில் தவறிய பிள்ளை செங்கல் சூளைக்கோ விசைத்தறிக்கோ போய்விடுகிறான். நாட்டமில்லை என்ற ஒரு சொல் அவன் வாழ்வையே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே, அந்த நாட்டம் எங்கே பிறக்கிறது, எதனால் அழிகிறது என்று அறிவது நமக்கு வெறும் ஏட்டறிவு அன்று. நம் பிள்ளைகளின் வாழ்வைப் பற்றிய கேள்வி.

திருக்குறளின் அறுபதாம் அதிகாரம் ஊக்கமுடைமை. வள்ளுவர் ஊக்கத்தை ஓர் உடைமையாக வைத்தார். உடைமை என்றால் அது சேர்க்கப்படவும் கூடும், பறிக்கப்படவும் கூடும். எப்படிச் சேர்கிறது, எப்படிப் பறிபோகிறது என்று ஆராய்வதே உளவியல்.

முதலாவது, வயிறு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-ஆம் ஆண்டு மனிதத் தேவைகளை ஓர் ஏணி போல் வரிசைப்படுத்தினார். பசியும் தாகமும் அடியில், அதன்மேல் பாதுகாப்பு, பின்னர் அன்பும் உறவும், அதற்கு மேல் மதிப்பு, உச்சியில் தன் ஆற்றல் முழுவதையும் வெளிப்படுத்தும் வேட்கை. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் இந்த அடிப்படியை அமைக்க எழுந்தவையே. ஆனால் மனிதன் எப்போதும் ஒரு படியை முடித்துத்தான் மறுபடிக்குப் போவான் என்பதில்லை. இலண்டனில் அரை வயிற்றோடு நூலகத்தில் அமர்ந்து படித்த அண்ணல் அம்பேத்கரை ஏணிக் கணக்கில் அடக்க முடியாது. மதிப்பு வேண்டும் என்ற பசி, வயிற்றுப் பசியை விடவும் வலியதாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, பரிசு. ஊக்கத்தை உள்ளிருந்து எழுவது என்றும், வெளியிலிருந்து தரப்படுவது என்றும் இரு வகையாகப் பிரிப்பர். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர், படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்ட சிறு குழந்தைகளை ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே கூறி, அவ்வாறே வழங்கினர். சில நாள்களுக்குப் பின் பார்த்தால், அப்பிரிவினர் வரைவதில் காட்டிய ஆர்வம் குறைந்திருந்தது. முன்னறிவிப்பின்றிப் பரிசு பெற்றவர்களிடம் அக்குறைவு இல்லை. விளையாட்டாகச் செய்தது கூலி வேலையாக மாறிவிட்டது போலும். பரிசே கூடாது என்பது இதன் பொருளன்று. பணத்தைக் காட்டிப் படிக்க வைப்பவன், பணம் நின்றால் படிப்பும் நின்றுவிடும் நிலையை உண்டாக்குகிறான் என்பதே பொருள்.

மூன்றாவது, நம் நெஞ்சைத் தொடுவது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள் 642 பேர். மேல்சாதியினர் பாதி, தாழ்த்தப்பட்டோர் பாதி. தாளில் அச்சிட்ட சிக்கல் வழிப் புதிர்களைத் தீர்க்கத் தந்தனர். தீர்த்த ஒவ்வொன்றுக்கும் பணம் உண்டு. சாதியைச் சொல்லாதபோது இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தனர். பின்னர் வேறு குழுக்களில், ஒவ்வொருவனின் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னும் உரக்கக் கூறினர். உடனே தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீழ்ந்தது.

இளைஞர்களே, இதை மறவாதீர். மூளை அதே மூளை, புதிர் அதே புதிர், கூலியும் அதே கூலி. ஒரே ஒரு சொல் இடையில் வந்தது. அறிவில்லை, நாட்டமில்லை என்று நம்மைப் பற்றிக் கூறப்படுவதன் உண்மை இதுவே. உழைத்தாலும் நேர்மையாக மதிப்பிடமாட்டார்கள் என்று எண்ணும் மனம் உழைப்பைச் சுருக்கிக்கொள்கிறது. அது சோம்பலன்று; அடிபட்ட மனத்தின் கணக்கு.

உதவித்தொகைப் பட்டியல் எழுதுவதற்காக "ஆதிதிராவிடர் எல்லாரும் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் கூறும் வழக்கம் நாம் அறிந்ததே. உதவும் எண்ணத்தோடு கூறினாலும், அச்சொல் செய்யும் கேட்டை இந்த ஆய்வு எண்ணிக் காட்டுகிறது. மாணவரின் சாதி விவரம் வகுப்பில் வெளிப்படலாகாது என்று நீதியரசர் சந்துரு குழுவும் 2024-இல் பரிந்துரைத்துள்ளது. உதவித்தொகை நம் உரிமை. அதைத் தலைமையாசிரியர் அறையில் தனியே கேட்டு எழுதினால் போதும். நம் பெயரை மறைக்கச் சொல்லவில்லை. நாமே பெருமையோடு கூறும் பெயர் வேறு. பிறர் நம்மைப் பிரித்து நிறுத்தக் கூறும் பெயர் வேறு.

நான்காவது, பாராட்டு. 1998-இல் முல்லர், டுவெக் என்னும் இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். "நீ அறிவாளி" என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிர் வந்ததும் தளர்ந்தனர். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் விடாது முயன்றனர். அம்பேத்கர் ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியபோது அவர் சமூகத்தார் கூட்டம் கூட்டிப் பாராட்ட விரும்பினர். வெறும் தேர்வுதானே, பையனுக்குத் தலைக்கனம் ஏறும் என்று தந்தையார் மறுத்தார். பெரியவர் கேளுஸ்கர் வாதாடி இணங்க வைத்தார். அக்கூட்டத்தில் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அச்சிறுவனுக்கு அளித்தார். இதை அம்பேத்கரே எழுதியுள்ளார். தந்தையின் அச்சத்திலும் நியாயம் உண்டு. ஊரார் மகிழ்ச்சியிலும் நியாயம் உண்டு. கேளுஸ்கர் தந்த நூல் புகழ்ச்சியாக முடியவில்லை. மேலும் படிக்க அழைத்தது. சங்கம் தரும் பரிசும் அத்தகையதாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, படி. தணிகை மலைக்கு 365 படிகள். முதற்படியில் நின்று உச்சியையே நோக்குபவனுக்கு மலைப்பு. அடுத்த படியை நோக்குபவனுக்கு ஏற்றம். 1981-இல் பண்டூரா, ஷங்க் இருவரும் கழித்தல் கணக்கில் பின்தங்கிய சிறுவர்க்கு 42 பக்கப் பயிற்சி தந்தனர். மொத்தத்தையும் முடிக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, ஒவ்வொரு வகுப்புக்கும் ஆறு பக்கம் என்று குறிக்கப்பட்டவர்களே திறனிலும் தன்னம்பிக்கையிலும் மேம்பட்டனர். 1960 ஏப்ரல் முதல் நாள் நம் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்றும் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இங்குப் பலர். வாசிப்பில் திணறும் அத்தகைய பிள்ளையை நாட்டமற்றவன் என்று தள்ளுகிறோம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் வாசிக்கச் செய்தால், திறன் வரும். திறனைப் பின்தொடர்ந்து நாட்டமும் வரும்.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். மாலை நேரப் படிப்பகத்தில் நாள்தோறும் முடிக்கத்தக்க சிறு பாடத்தைக் குறித்துத் தாருங்கள். முதல் மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றி, முன்னைவிட முன்னேறிய பிள்ளைக்கும் நூல் பரிசளியுங்கள். தேர்வில் தவறிய பிள்ளையின் வீட்டுக்கு, அவன் வேலைக்குப் போகும் முன்னரே இரு உறுப்பினர்கள் செல்லுங்கள். தவறிய பாடத்தைத் துணைத் தேர்வில் எழுத வழியுண்டு என்று கூறுங்கள்.

இளைஞர்களே, கோயில் நுழைவை உரிமையாக்கிய சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல். அதற்கு முன்னர் நம் முன்னோர் கோயிலுக்குள் செல்வது சட்டம் காத்த உரிமையாக இருக்கவில்லை. அவர்கள் விரும்பாமல் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டதால் நின்றனர். இன்று பள்ளியின் படியில் நம் பிள்ளை நின்றுவிட்டால், அவனுக்கு நாட்டமில்லை என்று கூறும் முன், அவனை நிறுத்தியது எது என்று கேளுங்கள். அதைக் கண்டு அகற்றுவதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணி.