வெள்ளம் வடிந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

(தோட்டக் கூட்டுறவுச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நான் அதிகம் படித்தவன் இல்லை. சாதாரண தரம் வரை படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். ஆகவே பெரிய பேச்சு எதிர்பார்க்க வேண்டாம். போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். "வெள்ள நிதிக்கு ஆளுக்கு நூறு ரூபா பிடிக்கிறீங்களே தம்பி, நம்ம லயத்துக் கூரையே ஒழுகுது. ஆத்தோரத்துக் கமக்காரங்களுக்கு நாம குடுத்து என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நியாயமான கேள்வி. ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருப்பவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் மலையில் பெய்கிற மழை எங்கே போகிறது? கானில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, கடைசியில் களு கங்கைக்குப் போகிறது. சிவனொளிபாத மலைப் பக்கம் பிறக்கும் அந்த ஆறு, உயரத்தில் இருந்து மிக வேகமாக இறங்கி இரத்தினபுரிக்கு வருகிறது. அங்கிருந்து களுத்துறையில் கடலில் விழும் வரைக்கும் நிலம் கிட்டத்தட்டச் சமமாகக் கிடக்கிறது. மேலே ஓடி வந்த தண்ணீர் அங்கே நடக்கத் தொடங்குகிறது. நடக்கவும் இடம் இல்லாவிட்டால் வயலில் ஏறி நின்றுவிடுகிறது. தண்ணீர் வடியும்போது மண்ணையும் மணலையும் அங்கேயே விட்டுப் போகிறது. அந்த மண்ணில் நம் மலை மண்ணும் இருக்கிறது. நாம் கான் வெட்டாமல் விட்ட இடத்து மண் கீழே ஒருவருடைய வயலில் கிடக்கிறது. இதுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள முதல் உறவு.

2003 மே 17ஆம் திகதியை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. அந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இரத்தினபுரி மாவட்டத்துக்குத்தான் பெரிய அடி. பிறகு 2017 மே கடைசியில் மறுபடியும் அதே மாதிரி. இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி என்று தென்மேற்கு முழுவதும் தண்ணீர். அந்த முறையும் 200 பேருக்கு மேல் உயிர் போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலையே சரிந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் நம் தோட்டத்துச் சனமும் உண்டு. வெள்ளம் பள்ளத்தில் இருப்பவனுக்கு மட்டும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இனி 2017இல் நாம் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். நாம் என்று சொன்னாலும் அந்தத் தவறில் முதல் பங்கு எனக்குத்தான்.

அந்த வெள்ளம் வந்தவுடன் நாம் நன்றாகத்தான் செய்தோம். வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு, மா, பழைய உடுப்பு சேர்த்தோம். பிள்ளை மடுவத்தில் இருந்த பால்மாவைக்கூட அனுப்பினோம். கிராமத்துப் பன்சலையில் தங்கியிருந்தவர்களுக்கு மூன்று நாள் சமைத்துக் கொடுத்தோம். மூன்று வாரம் போனது. தண்ணீர் வடிந்தது, சனங்கள் வீட்டுக்குப் போனார்கள். நானும் கணக்கை முடித்து, கையெழுத்து வாங்கி, கோப்பை மூடி வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் மாதம் ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்துக்குக் கீழ்க் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கைக்காசுக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒன்றரை ஏக்கர் வயல் உள்ளவர், தோட்டத்தில் புல்லு வெட்ட வருவானேன்? விசாரித்தேன். புதுவருடம் கழிந்து விதைத்த சிறுபோகம் முழுவதும் வெள்ளத்தோடு போய்விட்டது. வீட்டில் வைத்திருந்த விதைநெல் நனைந்து முளைத்துப் போனது. வயலில் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு மணல். வாய்க்கால் தூர்ந்துவிட்டது. ஒக்டோபரில் பெரும்போகம் விதைக்க வேண்டும். கையில் விதையும் இல்லை, மணலை அள்ள ஆளும் இல்லை. மகன்மார் கொழும்பில். "நீங்க குடுத்த அரிசி ஜூன் மாசமே முடிஞ்சு போச்சு மாத்தயா" என்று அவர் குறை சொல்லுகிற மாதிரி இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குச் சுட்டது.

நாம் கொடுத்த அரிசி பசிக்குப் போதும். ஆனால் கமக்காரன் எழும்பி நிற்க வேண்டிய நேரம் விதைப்பு நேரம். அந்த நேரத்தில் நாம் எல்லோரும் போய்விட்டோம். ஒரு போகத்தைத் தவறவிட்டால் அடுத்த சிறுபோகம் வரை, கிட்டத்தட்ட ஒரு வருடம், அந்த வீட்டில் அடுப்பு எரிவது கடனில்தான்.

இதில் காலக்கணக்கு முக்கியம். மே மாத வெள்ளம் இளம் பயிரைக் கொண்டு போகும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வந்த வெள்ளம், அறுவடைக்குக் கிட்டே நின்ற பயிரைக் கொண்டு போனது. 2025 நவம்பர் வெள்ளம் அப்போதுதான் விதைத்த பெரும்போகத்தில் விழுந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தேவை வேறு வேறு. அப்போதுதான் விதைத்தவருக்கு உடனே மறுபடி விதை கொடுத்தால், மூன்று மாத நெல்லோ அதற்கும் குறைந்த காலத்து நெல்லோ போட்டுப் போகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பி.ஜி. 250 என்ற இனம் ஏறக்குறைய 80 நாளில் அறுவடைக்கு வரும். அறுவடை போனவருக்கு விதையோடு அடுத்த போகம் வரைக்கும் சாப்பாடும் வேண்டும். ஆகவே என்ன வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு விட்டுத்தான் சேர்க்க வேண்டும். நம் இஷ்டத்துக்குப் பழைய உடுப்பு மூட்டை கட்டக் கூடாது.

சரி, பெரியவரிடம் வருவோம். நான் தலைவரிடம் சொன்னேன், அவர் மாதர் சங்கத்தில் சொன்னார். யாருடைய பேரும் போகக்கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். நாலு ஞாயிறு, இருபது இருபத்தைந்து பேர் போனார்கள். பெண்கள் பழைய கொழுந்துக் கூடைகளைக் கொண்டு போனார்கள். ஆண்கள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினார்கள். கமக்காரர் அமைப்பின் தலைவர் முறை சொல்லித் தந்தார். விரல் தடிப்புக்குப் படிந்த வண்டலை எடுக்கத் தேவை இல்லை, உழுதுவிட்டால் வயலுக்கு உரம். சாண் உயரத்துக்கு மேல் நிற்கும் மணலை அள்ளத்தான் வேண்டும். அள்ளிய மணலை வாய்க்கால் ஓரத்தில் கொட்டக்கூடாது, அடுத்த மழைக்குத் திரும்பி வந்துவிடும். இதெல்லாம் நமக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்ல, நாம் செய்தோம்.

சங்கப் பணத்தில் மூன்று புசல் விதைநெல் வாங்கிக் கொடுத்தோம். ஏக்கருக்கு இரண்டு புசல் கணக்கில் அது ஒன்றரை ஏக்கருக்குச் சரி. ஆனால் ஒன்றரை ஏக்கரையும் மீட்க முடியவில்லை. ஆற்றோரத்து அரை ஏக்கர் அந்தப் போகம் மணலோடுதான் கிடந்தது. ஒரு ஏக்கர் விளைந்தது. மிஞ்சிய ஒரு புசல் விதையை அவர் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்துவிட்டார். மாரியம்மன் திருவிழாவுக்கு அந்த வயலில் இருந்து அரை மூட்டைப் புது அரிசி வந்தது. நாம் கேட்கவில்லை. "இது தானம் இல்லை, அத்தம்" என்றார் பெரியவர். சிங்களக் கிராமங்களில் ஒருவர் வயலில் மற்றவர் வேலை செய்து, பிறகு அவர் வயலில் இவர் வேலை செய்து கடன் தீர்ப்பதை அத்தம் என்பார்கள். அவர் நம்மையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருடம் நம் மேல் லயத்துக்குப் போகிற பாதை உடைந்தபோது, கூப்பிடாமலே பத்துப் பேர் மண்வெட்டியோடு ஏறி வந்ததை நீங்களே கண்டீர்கள்.

இப்போது அக்காவின் கேள்விக்கு இரண்டாவது பதில். கமக்காரர் என்றால் கீழே இருப்பவர் மட்டுமா? நம் ஆட்களும் ஓடைக்கரையில் மரக்கறி போடுகிறார்கள். போஞ்சி, வெண்டி, வற்றாளை, கீரை. அதை விற்றுத்தான் பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறார்கள். 2017 வெள்ளத்தில் அந்தப் பாத்திகளும் போயின. நஷ்டப் பட்டியலில் பெயர் பதியப் போன நம் தங்கச்சி ஒருவரிடம் அங்கே இருந்த ஒருவர், "தோட்டத்து ஆளுக்கு ஏது பயிர்? காணி உறுதி எங்கே?" என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வந்தது. அதை நான் இன்றும் மறக்கவில்லை. உறுதி இல்லாதவருடைய பாத்தியில் வெள்ளம் ஏறாமல் போவதில்லையே. நம் கையில் உறுதி இல்லை என்பது உண்மை. அதற்காக எழுத்தும் இல்லாமல் இருக்க வேண்டுமா?

ஆகவே நான் இன்று நாலு விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, ஒரு பதிவுக் கொப்பி. யார், எந்த ஓடைக்கரையில், எவ்வளவு இடத்தில், என்ன பயிர் போட்டிருக்கிறார் என்று போகத்துக்கு ஒருமுறை எழுதுவோம். தலைவர் கையெழுத்தும் நிர்வாகத்தின் கையெழுத்தும் வாங்கி, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுப்போம். வெள்ளம் வந்தால் துப்புரவு பண்ணுவதற்கு முன்னே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, உடனே அறிவிக்க வேண்டும். கூலிக்கோ குத்தகைக்கோ கிராமத்து வயலைச் செய்கிறவர்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய்த் தங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விவசாயக் காணிகளுக்குப் பதிவேடு உண்டு. பயிர்க் காப்புறுதி பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

இரண்டாவது, விதை. அந்த நூறு ரூபாவில் பாதியை அரிசிக்கு வைப்போம், பாதியை விதைக்கு என்று தொடாமல் வைப்போம். விதை வாங்கினால் சோதித்து வாங்க வேண்டும். நூறு நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். எண்பத்தைந்துக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. அதற்குக் குறைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது, கை உதவி. வெள்ளம் வடிந்து மூன்று மாதத்துக்கு, மாதத்தில் ஒரு ஞாயிறு. சேற்றில் இறங்கும் முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எலிக்காய்ச்சலுக்கு மாத்திரை தருவார்கள், அவர்கள் சொல்கிற மாதிரி எடுங்கள். காலில் வெட்டுக்காயம் உள்ளவர் வயலில் இறங்க வேண்டாம். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும் வரைக்கும் கொதித்த தண்ணீர்தான்.

நாலாவது, நம் கான்கள். மழைக்கு முன்னே கான் வெட்டி, ஓடைக்கரையில் புல்லை விட்டு வைத்தால் நம் மண் நம் மலையிலேயே நிற்கும். இது தோட்டத்துக்கும் நல்லது, கீழே இருப்பவருக்கும் நல்லது. கான் அடைபட்டு லயத்துக்கு மேல் மண் வெடித்திருப்பதைக் கண்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள்.

அக்கா, உங்கள் கூரைக்கு வருகிறேன். அந்த விண்ணப்பத்தை நான் மறக்கவில்லை. அது முடியும் வரைக்கும் நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருங்கள், எனக்குக் கோபம் வராது. உங்களிடம் நூறு ரூபா இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கூடையோடு வாருங்கள். அது போதும்.

கோப்பை அவசரமாக மூடிய தவறை இனி நான் செய்யமாட்டேன். அடுத்த வெள்ளத்துக்குக் கோப்பு திறந்தால், அந்த வயலில் நெல் அறுத்த பிறகுதான் மூடுவேன். அதுவரைக்கும் நீங்களும் கூட இருக்க வேண்டும் என்று கேட்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.