எண்ணும் பெயரும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட இரயில்வே குமாஸ்தா நான். விஞ்ஞானக் கதைகளில் அரசியல் என்னும் பொருளை எனக்கு ஒதுக்கிய செயலாளர் அவர்கள், என் மேசைமீது எந்நாளும் ஒரு சுஜாதா நூல் கிடப்பதைக் கண்டே அவ்வாறு செய்திருத்தல் வேண்டும்.

சுஜாதா என்ற புனைபெயர் பூண்ட எஸ். ரங்கராஜன் (1935–2008) நம்மைப் போலவே உத்தியோகத்தின் பொருட்டு இந்நகரில் குடியிருந்தவர். ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். நாம் வாக்களிக்கும் மின்னணு இயந்திரம் உருவான பணியில் அவருக்கும் பங்குண்டு. பகலில் தேர்தலுக்கு இயந்திரம் செய்தவர், 1980களில் ஆனந்த விகடனில், தேர்தலற்ற ஒரு நாட்டைப் பற்றித் தொடர்கதை எழுதினார். அதுவே 'என் இனிய இயந்திரா'.

கதை 2021ஆம் ஆண்டில் நிகழ்கிறது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி. குடிமக்களுக்கு ஈரெழுத்துப் பெயர்களே உண்டு. நிலா, சிபி, ரவி, மனோ. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். இவற்றையெல்லாம் மறந்து, ஜீனோ என்ற பேசும் இயந்திர நாயை மட்டும் நினைவில் வைத்திருப்போரே நம்மில் மிகுதி. அந்த நாய் அத்துணை அழகாகப் பேசிவிட்டது; என் செய்வது!

எண்ணால் மனிதரை அழைக்கும் நாட்டை முதலில் கற்பனை செய்தவர் சுஜாதா அல்லர். இரஷ்யரான சாம்யாத்தின் எழுதி, 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'நாம்' என்ற நாவலில் பெயரே கிடையாது. பீகாரில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் '1984' என்ற நூலைத் தந்தார். ஆயினும் பிள்ளைக்கு அனுமதி கேட்கும் நிலாவைப் படித்த தமிழ் வாசகருக்கு அயல்நாடு நினைவுக்கு வந்திராது. நெருக்கடி நிலை நிலவிய காலத்தில், 1976–77ஆம் ஓராண்டில் மட்டும், இந்நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றுள் கட்டாயத்தின் பேரில் நடந்தவை பல.

அக்காலத்தின் சுவடு நம் நகரிலேயே உண்டு. பிள்ளைகளை அழைத்துச் சென்று உலவும் சுதந்திரப் பூங்கா, முன்பு மத்தியச் சிறைச்சாலை. 1975 ஜூன் 26 அன்று பெங்களூரில் கைதான வாஜ்பாயியும் அத்வானியும் அங்கே அடைக்கப்பட்டனர். நடிகை சிநேகலதா ரெட்டியும் அங்கிருந்தார். ஆஸ்துமாவால் நலிந்த நிலையில் 1977 ஜனவரியில் வெளிவந்து சில நாட்களிலேயே மறைந்தார்.

இனி, கதையின் உச்சத்துக்கு வருகிறேன். எல்லோரும் அஞ்சும் அந்த ஜீவா மனிதனே அல்லன். ஒளியால் சமைத்துக் காட்டிய வெறும் உருவம். அவனை வீழ்த்த வந்தவர்களோ நிலாவை அரசியாக அமர்த்திவிட்டு, பின்னிருந்து தாமே ஆளத் தலைப்படுகின்றனர். உருவம் மாறிற்று, நூலைப் பிடித்த கை மறைந்தே இருந்தது. சுஜாதாவின் அரசியலறிவு முழுவதும் இவ்விடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்வது நம் வழக்கம். படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. ஒரு தாளில் முதலெழுத்து முன்னும், மற்றொன்றில் பின்னும், மூன்றாவதில் முழுப் பெயராகவும் ஏறிவிடுகிறது. இதனால் ஒரு மூதாட்டியின் குடும்ப ஓய்வூதியம் எட்டு மாதம் நின்றது. துணைக்கு நானும் சென்றிருந்தேன். அம்மையார் எதிரே அமர்ந்திருக்கிறார். கணிப்பொறி ஏற்கவில்லை என்கிறார் அலுவலர். அவர் கொடியவர் அல்லர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். யாரிடம் வாதாடுவது என்பதுதான் விளங்கவில்லை. எனக்கு ஜீவாவின் நினைவு வந்தது.

எண்ணே வேண்டா என்று சொல்ல மாட்டேன். பயணச்சீட்டின் பத்திலக்க எண் இல்லையேல் தீபாவளிக்கு நீங்கள் ஊர் போய்ச் சேர்வது ஏது? எண் பிழைபடும்போது கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். நான் வேண்டுவது அதுவே.

அப்படிக் கேட்டவர் இந்நகரத்தவர். கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, எண்பது வயது கடந்தபின் 2012இல் ஆதாரை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018இல் ஆதார்ச் சட்டம் பெரும்பாலும் நிலைநின்றதாயினும், வங்கிக் கணக்கோடும் கைபேசியோடும் அவ்வெண்ணை இணைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் நீங்கிற்று.

ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் சங்கத்து அறையில் இருப்பேன். பெயர் மாறுபட்ட தாள்கள் எவரிடமேனும் இருப்பின் பள்ளிச் சான்றிதழோடு கொண்டுவாருங்கள். விண்ணப்பம் எழுதித் தருகிறேன். 'என் இனிய இயந்திரா'வின் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். மாணவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.