ஆறுமணிக் குருவியும் நமது மலைகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்புத் தோழியர் ஏழு பேர், தை மாதத்தில் மூன்று நாட்கள் பறவைகளைப் பார்ப்பதற்கென்றே நமது மலைநாட்டில் ஒரு பயணம் போய் வந்தோம். அதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். பறவை பார்ப்பது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலருக்கு எண்ணம் உண்டு. அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டு திரும்பியவர்களாகவே உங்கள் முன் நிற்கிறோம்.

முதல் நாள் ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு வந்து, மவுசாகலை நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இறங்கினோம். 1969 இல் இந்த அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனதை நமது பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் தலைகாட்டுகின்றன. நாங்கள் போன அன்று நீர் மட்டம் உயர்ந்திருந்தது. கரையோரத்துப் பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

அங்கிருந்து நல்லதண்ணிக்குப் போனோம். மார்கழியிலிருந்து வைகாசி வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் ஏறும் பாதை அது. 2,243 மீற்றர் உயர்ந்த அந்தச் சிகரத்தைச் சுற்றியுள்ள காடு, ஹோட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் காட்டோடும் சேர்த்து 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இலங்கையில் மட்டுமே வாழும் பறவையினங்கள் முப்பதுக்கும் மேல். அவற்றில் பலவற்றுக்கு இந்த மலைக்காடுகளே வீடு. தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில் அரை மணிநேரம் பேசாமல் நின்றோம். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும், இலங்கைக்கே உரிய வெள்ளைக்கண்ணியும், மங்கிய நீலநிற ஈப்பிடிப்பானும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இவ்வளவு காடாவது எப்படி மிஞ்சியது? நமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட காலத்தில் மலைக்காடுகள் ஏக்கர் ஏக்கராக வெட்டி எரிக்கப்பட்டன. 1869 இல் கோப்பி இலைநோய் தலைகாட்டி, கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று, 1873 இல் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று அரசு முடிவு செய்தது. அந்த முடிவினால்தான் இன்று மலையுச்சிகளில் காடும், காட்டில் பறவையும், நமது ஓடைகளில் தண்ணீரும் இருக்கின்றன.

இரண்டாம் நாள் நுவரெலியா. மாலை ஐந்தரை மணிக்கு விக்டோரியா பூங்காவின் ஓடைக்கரையில் காத்திருந்தோம். சரியாக இருட்டத் தொடங்கும் வேளையில், புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டது. ஆறுமணிக் குருவி! பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணில் மை தீட்டியதுபோல் கருங்கோடு. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் தமிழில் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறது. அதே பூங்காவின் மரங்களில் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் பார்த்தோம். நெஞ்சில் செம்மஞ்சள் நிறம் கொண்ட இந்தச் சின்னஞ்சிறு பறவை காஷ்மீரப் பகுதியில் இனம்பெருக்கி, மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் வருகிறது. உலகில் இதன் எண்ணிக்கை குறைவு. இதைப் பார்ப்பதற்காகவே பல நாடுகளிலிருந்து ஆட்கள் நுவரெலியாவுக்கு வருகிறார்கள். கடல் தாண்டி வந்து இந்த மலைகளை நம்பிப் பிழைப்பது நமக்கும் அந்தப் பறவைகளுக்கும் பொது.

மூன்றாம் நாள் விடியுமுன் ஹோட்டன் சமவெளி. அங்கே ஒரு சிறிய குளத்தோரத்தில் குளிரில் நடுங்கியபடி சீழ்க்கைப் பூங்குருவிக்காகக் காத்திருந்தோம். ஆணின் உடல் கருநீலம், தோளில் ஒளிரும் நீலப் பொட்டு. ஈரமான ஓடைக்கரையை விட்டு அகலாத, அழியும் ஆபத்திலுள்ள பறவை. ஒரு நிமிடம் கல்லின் மேல் நின்று, மறைந்துவிட்டது. இதன் அறிவியற் பெயரில் சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டக்காரரின் பெயர் இருக்கிறது. 1872 இல் ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் அப்படிப் பெயரிட்டார். இலங்கைப் பறவைகளுக்கு 1955 இல் புகழ்பெற்ற வழிகாட்டி நூலை எழுதிய ஜி. எம். ஹென்றியும் தோட்டத்தில் பிறந்தவர்தான், தோட்ட முகாமையாளரின் மகனாக. அவர்கள் உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே காட்டில் பாதை வெட்டிய நமது பாட்டன், பூட்டிக்கும் கண்ணும் காதும் இருந்தன. அவர்கள் பார்த்ததை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

அந்த அறிவு இன்னும் நமது மலைகளில் உயிரோடு இருக்கிறது. நல்லதண்ணிக்குப் போகும் வழியில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவோடு பேசினோம். “பருந்து அந்த மரத்தச் சுத்தினா நாங்க அந்தப் பக்கம் போகமாட்டோம் தங்கச்சி” என்றார். இதன் பொருள் உங்களில் பலருக்கு உடனே விளங்கும். குளவிக் கூட்டைக் கழுகு கலைத்தது, தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகினர் என்ற செய்தியை எத்தனை தடவை பத்திரிகையில் வாசித்திருக்கிறோம்! எங்களில் வைத்தியத்துறையில் இருப்பவர்கள் அப்படி வந்தவர்களுக்குச் சிகிச்சையும் அளித்திருக்கிறோம். மூச்சு முட்டி, முகம் வீங்கி, தலை சுற்றுபவருக்குத் தொடைத் தசையில் உடனே ஏற்றும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். அதில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

மலைத்தேனீயின் கூட்டையும் குளவியின் கூட்டையும் பிய்த்து, உள்ளிருக்கும் புழுக்களை உண்ணும் தேன் பருந்து என்ற பறவை உண்டு. அதன் முகத்தில் செதில்போல் அடர்ந்த இறகுகள் கொட்டிலிருந்து அதைக் காக்கின்றன. கொழுந்து எடுப்பவருக்கு அப்படியொரு கவசம் இல்லை. பருந்தின் நடத்தையைக் கவனித்து ஒதுங்கும் அறிவுதான் அவருக்குக் கவசம். அந்த அக்கா தேன் பருந்தின் அறிவியற் பெயரை அறியாமல் இருக்கலாம். அவருடைய அவதானிப்பு எந்தப் பறவையியலாளரின் அவதானிப்புக்கும் குறைந்ததல்ல. பறவை பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கே இல்லை, உயிர்க்காப்பு.

காது கொடுத்துக் கேட்பதன் பெருமைக்கு இன்னொரு சான்று சொல்கிறோம். நமது ஓடைகள் களனி ஆறாகி இறங்கும் வழியில் இருக்கிறது கித்துல்கல. 1995 இல் அங்கே தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் இரவில் இனங்காண முடியாத ஒரு கூவலைக் கேட்டார். ஆண்டுக்கணக்காகத் தேடினார். 2001 இல் சிங்கராஜ வனத்தில் அதைக் கண்ணால் கண்டார். அது உலகம் அதுவரை அறியாத ஒரு சிறிய ஆந்தை. 2004 இல் அதற்குச் செரண்டிப் ஆந்தை என்று பெயர் வந்தது.

இந்த அறிவு பிழைப்பும் தருமா என்று கேட்பீர்கள். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சரிவில், எக்குவடோரில், ஆங்ஹெல் பாஸ் என்ற சாதாரண விவசாயி இருக்கிறார். மரம் வெட்டி நிலத்தில் பாடுபட்டவர். தமது காட்டில் ஒளிந்து வாழும், எவரும் எளிதில் காணமுடியாத ஒரு தரைப்பறவையை மண்புழு கொடுத்துப் பழக்கினார். அதற்கு மரியா என்று பெயரும் வைத்தார். அதைப் பார்க்க உலகெங்குமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மிச்சக் காட்டை வெட்டாமல் காப்பதே அவர் குடும்பத்தின் தொழிலாகிவிட்டது. நமது மலைகளிலும் பறவை பார்க்க வருவோர் தங்கிப் போகிறார்கள். அவர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளில் தோட்டத்துப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், எத்தனை பேர்? எங்கள் மூன்று நாள் பயணத்தில் ஒருவரையும் சந்திக்கவில்லை. பெற்ற மண்ணில் விருந்தாளிக்கு வழி சொல்லும் தொழில்கூட நமது பிள்ளைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டுமா?

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கல்வெட்டும் வளைவும் வைப்பது நல்லதுதான். அதோடு நமது பாடசாலையில் ஒரு பறவை நோக்கர் கழகம் தொடங்குவோம். பத்துத் தொலைநோக்கிகளும் ஒரு நல்ல பதிவேடும் போதும். பிள்ளைகள் தங்கள் தோட்டத்துப் பாட்டிமாரிடம் போய், பறவைகளுக்கு லயத்தில் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். எந்த மலையில், எந்த மாதத்தில், எது வந்தது என்று குறிக்கட்டும். உயர்தரம் முடித்த பிள்ளைகளில் விரும்பியவர்கள் சுற்றுலா வழிகாட்டி அனுமதிப்பத்திரம் பெற, கட்டணமும் ஆங்கிலப் பயிற்சியும் நாம் கொடுப்போம். கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகள், வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு தொலைநோக்கியை அனுப்பினாலும் பெரிய உதவி. எங்கள் எழுவரின் பங்காக முதல் இரண்டு தொலைநோக்கிகளை இன்றே அதிபர் அவர்களிடம் ஒப்படைக்கிறோம்.

ஆறுமணிக் குருவி ஐப்பசியில் மறுபடியும் வந்துவிடும். அதற்கு முன் மீதி எட்டும் வந்து சேர வேண்டும்.