சத்தம் ஒரு பக்கம், பழுது எந்தப் பக்கம்?

ஸ்கூபா ரெகுலேட்டர்ல வாய்ப்பக்கம் ‘உஸ்ஸ்’னு மெதுவா காத்து கசியுதா? உடனே அங்க இருக்கிற ஸ்பிரிங்கை இறுக்காதீங்க. மூச்சு இழுக்கிறது கஷ்டமாகும், பழுது உள்ளேயே ஒளிஞ்சிருக்கும்.

நிரப்பின சிலிண்டர்ல சுமார் 200 பார் அழுத்தம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை 9–10 பாராகக் குறைச்சு ஹோஸுக்கு அனுப்புது. அங்க ஒரு கேஜ் மாட்டி, பர்ஜ் பட்டனை அமுக்கி விடுங்க. முள் சரியான அளவுல அப்படியே நின்னா, கோளாறு வாய்ப்பக்க செகண்ட் ஸ்டேஜ்ல. அதைத் தாண்டி மெல்ல ஏறினா, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வால்வோட சீட் தேஞ்சிருக்கலாம். அதை மாத்தணும்.

எரர் காட்டுற வரியிலேயே பக் இருக்கணும்னு இல்லையே? பிரிக்கிற வேலையைப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கிட்ட விடுங்க. 20 மீட்டர் ஆழத்துல ஹாட்ஃபிக்ஸ் போட முடியாது.