ஒலிப்பதிவு நிலையங்கள் மறைந்த கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1980களில் இசை விரும்பிகள் கூடிய இடங்கள், ‘றெக்கோடிங் பார்’ எனப்பட்ட ஒலிப்பதிவு நிலையங்கள். வெற்று ஒலிநாடாவோடு பாடற் பட்டியலையும் எழுதிக் கொடுப்பர். அறுபது நிமிடத்துள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நண்பரிடையே பெரும் வாதம் நிகழும். இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அதனால் காசு சேர்ந்ததா என்பது வேறு கதை.

அந்நிலையங்களை அழித்தது போரே என்பர். அது முழு உண்மையன்று. 1990இல் மின்சாரம் நின்றது, மின்கலத்துக்கும் தடை. எனினும் சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே மக்கள் பாட்டுக் கேட்டனர். 1995இன் இடப்பெயர்வு கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் சிதறடித்தது மெய்தான். ஆனால் 2002இல் ஏ9 பாதை திறந்தபின் இறுவட்டுகள் பெருகின. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் ஒரே வட்டில் அடங்கின. எதை விடுவது என்ற கேள்வியே எழவில்லை. பட்டியலோடு கடைக்கு வருவாரும் இலராயினர்.