பிரஸ்ஸில் வேலை இருக்கும்... கை இருக்குமா?

அம்பத்தூரில் ஞாயிறு மாலை நடந்த இளைஞர் கூட்டத்தில் நம் ஐ.டி. விங் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளமான பதிவுதான். உங்க வீட்டில் யாராவது பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தால் கடைசி வரை படிங்க.



நான் மேடையில பேசற ஆள் இல்லை. போஸ்டர் போடறது, வீடியோ எடிட் பண்றது, இதுதான் நம்ம வேலை. இன்னைக்கு நானே கேட்டு இந்த மைக்கை வாங்கினேன். என் சித்தி பையன் ப்ளஸ் டூ முடிச்சுட்டு, வர்ற திங்கட்கிழமை ஒரு பிரஸ் ஷாப்புல ஆபரேட்டரா சேரப் போறான். மாசம் 15,000 ரூபாய். "அண்ணா, இந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கா?"ன்னு கேட்டான். வாட்ஸ்அப்புல பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், முடியலை. அவனை மாதிரி கேக்கிறவங்க இங்க இன்னும் நிறைய பேர் இருப்பீங்கன்னு தோணுச்சு.

அவனுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் எங்க அப்பா. முப்பது வருஷம் பிரஸ் ஷாப். வலது கை ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு கிடையாது. நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது போச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஆட்டோவுல வச்சு, "வீட்டுக் கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லிடு, செலவை நாங்க பார்த்துக்கறோம்"னு சொன்னாங்க. அப்பாவும் அப்படியே சொன்னார். கட்டு போட்ட செலவோட எல்லாம் முடிஞ்சது. எந்த கம்பெனின்னு நான் சொல்லப் போறதில்லை. அந்த ஷெட்டே இப்ப இல்லை. ஆனா அந்த ஒரு வாக்கியம் இன்னும் எத்தனையோ ஆட்டோவுல சொல்லப்படுது.

முதல்ல இந்த வேலை என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நீங்க வந்த பைக்கோட பிராக்கெட், சைலன்சர் கவர், மிக்ஸிக்குள்ள இருக்கிற மோட்டார் தகடு, ஸ்விட்ச் பாக்ஸ், டிபன் பாக்ஸ் மூடி எல்லாமே தகட்டை டையில வச்சு அடிச்சு எடுத்ததுதான். கீழே டை, மேலே பஞ்ச். நடுவுல தகடு. நடுவுல வைக்கிறது கை.

ஒரு சின்ன கணக்கு. ஒரு பீஸுக்கு ஆறு செகண்ட். நிமிஷத்துக்கு 10, மணிக்கு 600. டீ, சாப்பாடு போக ஏழு மணி நேரம்னு வைங்க. 4,200 பீஸ். அப்படின்னா ஒரு ஷிஃப்டுல 4,200 தடவை கை பஞ்சுக்குக் கீழே போய் வருது. மாசம் 26 நாள் வேலைன்னா ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் தடவைக்கு மேலே. ஒரு லட்சம் தடவை சரியா செஞ்சவன் ஒரே ஒரு தடவை கொட்டாவி விட்டா, ரிப்போர்ட்ல என்ன எழுதுவாங்க? "தொழிலாளியின் கவனக்குறைவு."

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். அதனால இந்த 'கவனக்குறைவு'ங்கிற வார்த்தையை நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

பவர் பிரஸ்ஸுல ஃப்ளைவீல் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். பெடலை மிதிச்சா கிளட்ச் பிடிக்கும், பஞ்ச் கீழே வரும். பழைய பிரஸ்ஸுல இருக்கிறது பின் கிளட்ச் இல்லைன்னா கீ கிளட்ச். இது ஒரு தடவை பிடிச்சுதுன்னா முழு சுத்து முடிஞ்சு மேலே போய்தான் விடும். நடுவுல நிறுத்த வழியே கிடையாது. நீங்க கத்தினாலும் நிக்காது, மெயினை ஆஃப் பண்ணாலும் ஃப்ளைவீல் வேகம் உடனே அடங்காது. அதுலயும் ஸ்பிரிங் தளர்ந்து போனாலோ பின் தேஞ்சு போனாலோ, பெடலைத் தொடாமலே இன்னொரு தடவை தானா அடிக்கும். ஷாப்புல இதுக்குப் பேரு டபுள் அடி. எங்க அப்பா விரல் போனது அப்படித்தான். அவர் கால் பெடல் மேலேயே இல்லை. இதுல கவனக்குறைவு யாரோடது? ஸ்பிரிங் மாத்தாதவரோடதா, எங்க அப்பாவோடதா?

புது பிரஸ்ஸுல இருக்கிறது காத்துல இயங்கற ஃப்ரிக்‌ஷன் கிளட்ச், கூடவே பிரேக். இது பாதி வழியில நிக்கும். அதனாலதான் அதுக்கு முன்னாடி லைட் கர்ட்டன் மாட்டலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை குறுக்கே போனா பிரஸ் நின்னுடும். இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. சில இடத்துல பின் கிளட்ச் பிரஸ்ஸுலயே லைட் கர்ட்டனை மாட்டி வச்சு, "சேஃப்டி இருக்கு பாரு"ன்னு காட்டுவாங்க. நிறுத்தவே முடியாத மிஷினுக்கு 'நில்லு'ன்னு சிக்னல் கொடுத்து என்ன பிரயோஜனம்? அந்த மாதிரி பிரஸ்ஸுக்குத் தேவை, தகடு மட்டும் நுழையற அளவுக்கு இடைவெளி விட்ட இரும்புத் தடுப்பு. கை உள்ளே போகவே முடியாத மாதிரி. இது பெரிய டெக்னாலஜி இல்லை. ஒரு வெல்டர் அரை நாள்ல செஞ்சு கொடுப்பார்.

சரி, எதிர்காலத்துக்கு வர்றேன்.

படிச்சு முடிச்சதும் நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஒன்றரை வருஷம் டிரெய்னியா இருந்தேன். அங்க வரிசையா அஞ்சு பிரஸ். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு ரோபோ தகட்டை மாத்தும். சுத்தி வேலி. ஆள் வேலிக்குள்ள போனா மொத்த லைனும் நிக்கும். இருந்த ஆளுங்க, பேனல்கிட்ட ஒருத்தர், கடைசியில பீஸ் செக் பண்றவங்க, டை மாத்தற டீம். அவ்வளவுதான். அதே வண்டிக்குப் போற ஒரு சின்ன பிராக்கெட் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? பெரிய கம்பெனி ஒருத்தருக்குக் கொடுக்கும், அவர் இன்னொருத்தருக்குக் கொடுப்பார், அவர் மூணாவது ஆளுக்கு ஜாப் ஒர்க் விடுவார். அந்த மூணாவது ஷெட்டுல பின் கிளட்ச் பிரஸ், ஒரு ஸ்டூல், ஒரு பையன். ஷோரூம்ல வண்டி ஒண்ணுதான். அதுக்குள்ள ரெண்டு காலமும் இருக்கு.

அந்த ஷெட் ஓனரையும் நான் வில்லனா காட்ட மாட்டேன். அவருக்குப் பீஸுக்குப் பைசா கணக்குலதான் ரேட். ஆர்டர் 2,000 பீஸ், 5,000 பீஸ்னு சின்னச் சின்னதா வரும். இதுக்குப் போய் காயில் ஃபீடரும் புரோகிரசிவ் டையும் போட்டா முதலே வராது. சின்ன நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும்னு 2006 சட்டம் சொல்லுது. அந்தப் பணம் நேரத்துக்கு வராதப்ப ஸ்பிரிங் மாத்தற செலவும் தள்ளிப்போகுது. கடைசியில அந்தக் கடன் முழுக்க வந்து விழறது பையனோட விரல் மேல.

எலக்ட்ரிக் வண்டி வந்தா பிரஸ் வேலை போயிடுமான்னு கேக்கறாங்க. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஏத்தர், ஓலா, டி.வி.எஸ். எல்லாம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யறாங்க. சைலன்சர், பெட்ரோல் டேங்க், கிளட்ச் தகடு செஞ்ச ஷெட்டுக்கு அடி விழும், உண்மை. ஆனா சேசிஸ் பிராக்கெட் இருக்கும், பேட்டரிப் பெட்டி இருக்கும், மோட்டார் இருக்கும். மோட்டாருக்குள்ள அடுக்கி வைக்கிற தகடு அரை மில்லிமீட்டர், அதைவிடவும் மெலிசு. அதையும் பிரஸ்ஸுலதான் வெட்டறாங்க. கோயம்புத்தூர்ல பம்ப் மோட்டாருக்கு இந்த ஸ்டாம்பிங்கை எத்தனையோ வருஷமா செஞ்சுக்கிட்டிருக்காங்க. ஆனா பெரிய அளவுல இதை வெட்டறது நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல அடிக்கிற ஹை ஸ்பீடு பிரஸ். அதுல கை வைக்க இடமே இல்லை. இன்னொரு பக்கம் டெஸ்லா மாடல் ஒய் காருல, பின்பக்க அடிச்சட்டத்துக்கு சுமார் 70 பாகங்களைச் சேர்க்கறதுக்குப் பதிலா பெரிய அலுமினிய வார்ப்பையே போட்டுட்டாங்க.

அதனால தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பிரஸ்ஸுக்கு எதிர்காலம் இருக்கு. தகட்டை வச்சு எடுக்கிற கைக்குத்தான் இல்லை. அந்த வேலை இன்னும் பத்து, பதினஞ்சு வருஷம் சின்ன ஷெட்டுல ஓடும்னு நான் நினைக்கிறேன். ஆனா வயசாக வயசாக சம்பளம் ஏறாது, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். ஏற வேண்டிய படி பக்கத்துலயே இருக்கு. டை செட் பண்றவர், டையைச் சாணை பிடிச்சு சரி பண்றவர், ஃபீடரையும் பேனலையும் பார்த்துக்கறவர். பர் வந்தா டை எங்க தேஞ்சிருக்குன்னு சத்தத்தை வச்சே சொல்றவர். இவங்களை ரோபோ லைன்லயும் தேடறாங்க. எங்க அப்பா டை செட்டர் ஆனார். முப்பது வருஷம் எங்க வீடு ஓடினது அதனாலதான். ஆனா அவரை அந்த இடத்துக்கு நகர்த்தினது விரல் போனதுக்கு அப்புறம். நீ விரலோட அங்க போகணும்.

அதுக்கு ஐ.டி.ஐ.யில வழி இருக்கு. டூல் அண்ட் டை மேக்கர் ரெண்டு வருஷம், ஷீட் மெட்டல் ஒர்க்கர் ஒரு வருஷம். தமிழ்நாட்டுல 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புது மிஷின்களோட மேம்படுத்தியிருக்காங்க, ரோபோ, ஆட்டோமேஷன் படிப்பும் இருக்கு. வீட்டுல வருமானம் வேணும், இப்பவே வேலைக்குப் போயே ஆகணும்னா போ. நான் தடுக்கலை. ஆனா திங்கட்கிழமை காலையில மூணு கேள்வி கேட்டுட்டு உட்காரு.

ஒண்ணு: "அண்ணே, இது பின் கிளட்சா, ஏர் கிளட்சா?" பின் கிளட்சுன்னா, முன்னாடி தடுப்பு எங்கேன்னு கேளு. இடுக்கியோ மேக்னட்டோ கேளு. ரெண்டு கை பட்டன் இருந்தா, ஒண்ணுக்கு டேப் ஒட்டி வேகமா ஓட்டலாம்னு எவன் சொன்னாலும் கேக்காதே.

ரெண்டு: "என் இ.எஸ்.ஐ. நம்பர் என்ன?" பத்து பேர் வேலை பார்க்கிற தொழிற்சாலைக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளம் 21,000 வரைக்கும் நீ அதுக்குள்ள வருவே. உன் சம்பளத்துல பிடிக்கிறது 0.75 சதவீதம், முதலாளி போடறது 3.25. வேலையில அடிபட்டா முதல் நாள்லேர்ந்தே உரிமை உண்டு. சட்டத்துல ஒவ்வொரு விரலுக்கும் கணக்கு எழுதி வச்சிருக்கான். கட்டை விரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசும் 14. நடுவிரல் 12. ஒரு கையில நாலு விரலும் போனா 50. படிக்கவே கஷ்டமா இருக்கு, ஆனா தெரிஞ்சிருக்கணும். மாசம் 15,000 சம்பளம்னா நாளைக்கு 500. அதுல 90 சதவீதம் 450. ஆள்காட்டி விரலுக்கு அதுல 14 சதவீதம்னா நாளைக்கு 63 ரூபாய், மாசம் தோராயமா 1,890 ரூபாய், ஆயுசு முழுக்க. எங்க அப்பாவுக்கு ரெண்டு கணு, 11 சதவீதம். 'கதவுல நசுங்கிடுச்சு'ன்னு சொன்ன ஒரு வாக்கியத்துக்கு எங்க குடும்பம் கொடுத்த விலை அது. இ.எஸ்.ஐ. இல்லாத இடம்னா இழப்பீடு கொடுக்க வேண்டியது முதலாளி. அதனால எங்க அடிபட்டுச்சோ அதைத்தான் ஆஸ்பத்திரியில சொல்லணும். யார் சொன்னாலும் மாத்தக் கூடாது.

மூணு: "டை மாத்தும்போது நான் கூட நிக்கலாமா?" ஓ.டி. இல்லாத நாள்ல அரை மணி நேரம் நின்னு பாரு. ஒரு நோட்டு வச்சு எழுது. ஒரு வருஷத்துல நீ ஸ்டூலை விட்டு எழுந்திரிக்கணும்.

கடைசியா நாம எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டியது. பழைய தொழிற்சாலைச் சட்டத்துல மின்சாரம் பயன்படுத்தற இடத்துல 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. புதிய சட்டத் தொகுப்புல அது 20 பேர். இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கிற சின்ன பிரஸ் ஷெட்டுகளை யோசிச்சுப் பாருங்க. ஆள் குறைவா இருக்கிறதால பிரஸ்ஸோட டன் குறையறதில்லை. அதனால நம்ம கோரிக்கை: ஆள் எண்ணிக்கை பார்க்காம, பவர் பிரஸ் இருக்கிற ஒவ்வொரு ஷெட்டையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சோதிக்கணும். பின் கிளட்ச் பிரஸ்ஸை மாத்த சின்ன முதலாளிகளுக்கு மானியம் வேணும். ஜாப் ஒர்க் விடற பெரிய கம்பெனிகள் பீஸோட தரத்தை மட்டும் பார்க்காம, அதை அடிச்ச பிரஸ்ஸையும் வந்து பார்க்கணும். ஆபரேட்டர்களுக்கு சாயங்கால ஐ.டி.ஐ. வகுப்பு வேணும்.

இங்க வந்திருக்கிறவங்க இ.எஸ்.ஐ. கார்டையோ சம்பளச் சீட்டையோ அடுத்த ஞாயிறு எடுத்துட்டு வாங்க. உங்க பேர்ல பணம் கட்டியிருக்காங்களான்னு உட்கார்ந்து பார்த்துச் சொல்றோம். போஸ்டர் வேலை ஒரு நாள் தள்ளிப்போனா ஒண்ணும் ஆயிடாது.

தம்பி, திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு போன் பண்ணு. மூணு கேள்விக்கும் என்ன பதில் வந்துச்சுன்னு சொல்லு. பதில் சரியில்லைன்னா செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் உன்கூட அந்த ஷெட்டுக்கு வர்றோம்.



படிச்சவங்க பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.

#பிரஸ்_ஆபரேட்டர் #கையும்_வேணும்_வேலையும்_வேணும்